கேட்டோர் ஏடு

"இந்த மொழியைத் தாங்கள் யாரிடம் கேட்டீர்கள், வாப்பா?"

திரைக்குப் பின்னாலிருந்து வந்த அந்தக் குரல் உரக்க ஒலிக்கவில்லை, நடுங்கவும் இல்லை. ஆயினும் பொருநை நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் எழுப்பப்பட்டிருந்த வெண்ணிறக் கூடாரத்துக்குள் அமர்ந்திருந்த அறுபது பேரும் மூச்சு விடவும் மறந்து போனார்கள். நபிமொழி ஓதும் சபைகளில் எந்த மாணவனும் எந்த ஆசானிடமும் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்விதான் அது. இந்த முதியவரிடம் இந்தப் பெண் மட்டும் அதைச் சபை நடுவே ஒருநாளும் கேட்கக்கூடாது என்று ஒருவன் அவளிடம் சொல்லி வைத்திருந்தான். ஆறு மாதம் அவள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். இன்று கேட்டுவிட்டாள்.

அன்பார்ந்த வாசகர்களே! அந்த அந்திப் பொழுதின் எழிலைச் சற்றே நோக்குங்கள். மேற்றிசைப் பனங்காடுகளின் உச்சியில் செம்பொன்னை உருக்கி வார்த்துவிட்டு ஆதவன் மறைந்துகொண்டிருக்க, கீழ்த்திசைக் கடலின் விளிம்பைப் பிளந்துகொண்டு பௌர்ணமிச் சந்திரன் மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்தான். நதியின் ஒரு பாதி குங்குமமாய்ச் சிவந்தும் மறு பாதி பாலாய் வெளுத்தும் கிடந்தது. வல்லங்காயல் துறைமுகத்தின் மரக்கலங்கள் சுருட்டிய பாய்களோடு அலையில் அசைந்தன. அழகான மாலைதான். ஆனால் கூடாரத்துக்குக் கீழே, ஈர மணலில், தேங்காய் நார்க் கயிற்றால் கைகள் பின்னால் கட்டப்பட்டு எண்பத்து மூன்று மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கைகட்டிக் கிடப்பவனுக்கு நிலா எதற்கு?

ஒன்றரை மாதத்துக்கு முன் மலைநாட்டிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர் கலம் ஒன்று அந்தக் கரையில் மோதி உடைந்தது. நீந்திப் பிழைத்தவர்களே அந்த எண்பத்து மூவர். உடைந்த கலத்தின் ஆட்களுக்கு அபயம் அளிக்க வேண்டும் என்பது பாண்டிய மன்னரின் சாசனம். அந்தச் சாசனத்திலேயே ஒரு சிறு வாசல் திறந்து கிடந்தது. கலம் முஸ்லிம் வணிகருடையதானால், ஆட்களின் கதியைப் பற்றி அத்துறையின் காழி தம் மார்க்கச் சட்டப்படி தீர்ப்பளிக்கலாம். வல்லங்காயலின் துறைநாயகம் சுஜாவுத்தீனுக்கோ தம் கலங்களில் துடுப்பு வலிக்க ஆள் வேண்டியிருந்தது. "இவர்கள் அடிமைகளாகலாம்" என்று காழி ஒரு சொல் சொன்னால் போதும். இரவில் கரைக்காற்று எழும்பியதும் அந்த எண்பத்து மூவரையும் ஏற்றிக்கொண்டு பாய் விரிக்கக் கலம் காத்திருந்தது. தீர்ப்பைக் கேட்டு எழுதிச் செல்ல மதுரையிலிருந்து ஓலைநாயகம் காரிமாறனாரும் வந்து, எழுத்தாணியும் கையுமாக வீற்றிருந்தார்.

அந்தக் காழிதான், திரைக்குப் பின்னாலிருந்து கேள்வி கேட்ட மைமூனாவின் தந்தை, முஹிப்புல்லா லெப்பை. நாற்பது ஆண்டுகளாக அந்தக் கடற்கரையில் அவர் சொன்னதே சட்டம். நபிகள் நாயகத்தின் மொழிகளை ஆயிரக்கணக்கில் மனத்தில் ஏந்தியவர் அவர். மொழியை மட்டுமா? ஒவ்வொரு மொழிக்கும் முன்னால் ஒரு மனிதச் சங்கிலி உண்டு: இதை நான் இன்னாரிடம் கேட்டேன், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்லும் சங்கிலி. அதில் ஒரு கண்ணி பொய்யனாகவோ சித்தம் தடுமாறியவனாகவோ இருந்துவிட்டால் முழுச் சங்கிலியும் அறுந்து விழும். மொழி எவ்வளவு இனிமையானதென்று பார்க்கமாட்டார்கள். சொன்ன ஆள் எப்படிப்பட்டவர் என்றே பார்ப்பார்கள். மன்னனின் மாமனே ஆனாலும் சரி.

அன்று மாலை அந்தப் பெரியவர், கலம் உடைந்து கரையேறியவர்களை அடிமை கொள்ளலாம் என்று பொருள்படும் ஒரு வாசகத்தை நபிமொழி என்று ஓதினார். அந்த வாசகத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. பொய் என்று சொல்லியே எழுதினாலும், எழுதிய பொய் யாராவது ஒருவர் தோளில் ஏறி ஊர் சுற்றக் கிளம்பிவிடும்.

மகளின் கேள்விக்கு அவர் தயங்காமல் விடை சொன்னார். "ஹுர்முஸில் கேட்டேன். ஷெய்கு அபுல் வலீதின் வாயால், அவர் வீட்டு முற்றத்தில், ஈச்சமர நிழலில் உட்கார்ந்து கேட்டேன்."

திரைக்குப் பின்னால் மைமூனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அபுல் வலீதைத் தந்தை கண்ணால் கண்டதே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வயதில், அந்த ஒரு மனிதரிடம் ஒரே ஒரு மொழியைக் கேட்பதற்காக ஆறு மாதம் கடலில் மிதந்து ஹுர்முஸ் போய்ச் சேர்ந்தார் முஹிப்புல்லா. போனபோது அந்த ஷெய்கை அடக்கிய கபுறின் மண் இன்னும் காயவில்லை. அந்த ஈர மண்ணைத் தொட்டு அழுதுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். "கேட்டேன் என்று ஊரில் சொல்லியிருந்தால் யாருக்கு மகளே தெரியப் போகிறது? ஆனால் நாக்கு கூசியது" என்று அவரே அவளிடம் சொல்லியிருக்கிறார். இன்று அதே நாக்கு கூசாமல் சொன்னது. அந்த முற்றத்தையும் ஈச்சமரத்தையும் அவர் உண்மையாகவே கண்டுகொண்டிருந்தார் என்பதுதான் கொடுமை. வாழ்நாளெல்லாம் வெறுமையாக வைத்திருந்த ஓர் இடத்தைத் தடுமாறிய நினைவு தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டது.

மாணவர் வரிசையில் ஒருவர், ஆற்றின் ஆழம் பார்க்க இவளுக்குத் தகப்பனின் தலைதானா கிடைத்தது என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். துறைநாயகம் சுஜாவுத்தீன் மட்டும் புன்னகை புரிந்தார்.

"கற்ற பெண் அல்லவா, கேட்கட்டும்," என்றார். "ஆனால் கேள்வி கேட்பவளே அதற்குச் சாட்சியாகவும் இருக்கிறாளே! ஹம்ஸா, ஏட்டை வாசியும்."

காழியின் தலைமாணவன் ஹம்ஸா எழுந்தான். மைமூனாவின் மாமி மகன்; அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன். சபைகளில் அவன் ஏடு வாசிப்பதைத் திரையின் இழைகளுக்கூடே பார்த்துப் பார்த்தே அவள் அவனை நேசிக்கக் கற்றிருந்தாள். இன்று அவன் திரைப் பக்கம் பாராமலே வாசித்தான். முஹர்ரம் பிறை இருபதாம் நாள் அமர்வில் ஓதப்பட்டவற்றில் அந்த மொழியும் இருந்தது. கேட்டோர் பெயர்கள் பதினொன்று. கடைசிப் பெயர்: "காழியின் மகள் மைமூனா, திரைக்குப் பின்னால், முழுவதும்."

முழுவதும்! அந்த ஒரு சொல்லை நீங்கள் அறிய வேண்டும். நபிமொழி அமர்வு ஒவ்வொன்றின் முடிவிலும் கேட்டவர்களின் பெயரை ஏட்டில் பதிவார்கள். நடுவில் உறங்கியவன், பிந்தி வந்தவன், எழுந்து போனவன், ஒவ்வொருவனும் எந்தப் பகுதியைத் தவறவிட்டான் என்பதைத் தானே சொல்லி எழுதவைக்க வேண்டும். அந்த நாணயம்தான் அந்தக் கல்வியின் உயிர். முஹர்ரம் இருபதாம் நாள் மைமூனா நடுவே எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தாள். கால் நாழிகை இருக்கும். அதைச் சொல்லவில்லை. ஏனென்றால் அன்றுதான் தந்தை அவளுக்கு இஜாஸா எழுதித் தந்தார். தாம் கற்பித்ததையெல்லாம் அவளும் பிறருக்குக் கற்பிக்கலாம் என்னும் அனுமதிப் பத்திரம். அவள் குலத்தில் எழுத்தறிந்த பெண்ணே அதற்கு முன் இருந்ததில்லை. அப்படிப்பட்ட நாளில், கால் நாழிகைக்காக அந்த ஏட்டில் ஒரு குறையை எழுதவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "முழுவதும்தானே?" என்று கேட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து "ஆம்" என்றாள்.

பாங்கொலி எழுந்தது. மஃரிபுத் தொழுகைக்காகச் சபை கலைந்தது. தொழுகை முடிந்ததும் தீர்ப்பு.

தொழுதுவிட்டு மைமூனா கூடாரத்தின் பின்புறம் போனாள். அங்கே கயிற்றுக் கட்டில் ஒன்றில் தந்தை அமர்ந்திருந்தார். மகளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சபையிலே என்னைப் பொய்யன் ஆக்கிவிட்டாயே," என்றார். "உனக்கு நான் என்ன மகளே செய்தேன்?"

அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தொட்டாள். அவர் கால்களை இழுத்துக்கொண்டார்.

எல்லாம் ரமலான் முதல் பிறையன்று தொடங்கியது. அன்று ஒரே பக்கத்தை மூன்று முறை ஓதினார். நாற்பது ஆண்டு ஓதிப் பழகிய சங்கிலியில் ஓர் அறிவிப்பாளரின் பெயரை வேறொருவர் பெயராகச் சொன்னார். இதைக் கவனித்தவர்கள் இருவர்: ஹம்ஸாவும் மைமூனாவும். "மூடி வைப்போம் மைமூனா, சபையில் மட்டும் ஒருபோதும் அவரிடம் 'யாரிடம் கேட்டீர்கள்' என்று கேட்டுவிடாதே, அந்த ஒரு கேள்வியில் அவர் உடைந்து போவார்" என்று கெஞ்சியவன் ஹம்ஸாதான். தந்தையின்மேல் அவனுக்குள்ள பரிவைக் கண்டு அன்று அவள் கண் கலங்கினாள்.

இப்போது அந்த ஹம்ஸா கூடாரத்தின் நிழலில் வந்து நின்றான்.

"மச்சான்," என்றாள் அவள், திரும்பிப் பாராமல். "அன்றைக்கு வாப்பாவுக்குத் தொண்டை வறள்கிறது, தண்ணீர் கொண்டுவா என்று என்னை அனுப்பியது யார்?"

அவன் கூடாரக் கயிற்றைப் பற்றிக்கொண்டான்.

"அவருக்குத் தாகமா, உங்களுக்குத் தாகமா?"

"மைமூனா, கேள்..."

"நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முஹர்ரம் இருபதிலேயே கேட்டிருக்க வேண்டும்."

கடைசியில் அவன் சொன்னான். அந்த வாசகத்தைச் சமைத்தவர் துறைநாயகத்தின் எழுத்தர். அதைக் காழியின் செவியில் ஏற்றியவன் அவன். ஒவ்வொரு நாளும் பிற்பகலில் அவர் அருகில் உட்கார்ந்து, "ஹஜ்ரத், இதைத் தாங்கள் அபுல் வலீதிடம் கேட்டதாகச் சொன்னீர்கள் அல்லவா?" என்று மெல்ல எடுத்துக்கொடுத்தான். முதல் நாள் இல்லை என்றார். மூன்றாம் நாள் யோசித்தார். ஒன்பதாம் நாள், "ஆம், முற்றத்தில் ஈச்சமரம் நின்றது" என்றார். ஆறு ஆண்டுகளாகத் தலைமாணவனாக உடனிருந்தவன் துறைநாயகத்தின் ஒற்றன் என்பது அந்த நிலா வெளிச்சத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது.

"நான் இல்லையென்றால் வேறொருவனை வைத்துச் செய்திருப்பார்கள்," என்றான் அவன். "சித்தம் கலங்கியவர் என்று வாப்பாவைத் தெருவில் தள்ளியிருப்பார்கள். இப்போது அவர் காழியாகவே இருப்பார். பிறகு நான் காழி ஆவேன். நீ என் வீட்டில் இருந்து பெண்களுக்கு ஓதிக்கொடுப்பாய். உன் இஜாஸா எந்த நாளில் எழுதப்பட்டது? இந்த மொழியும் அதே நாளில்தான் பதிவானது. அன்று அவர் நினைவு சரியில்லை என்று நீ சொன்னால் உன் பத்திரமும் செத்துப்போகும். அதை வைத்துத்தான் அந்த நாளைத் தேர்ந்தேன். உன் வாய் திறக்காது என்று துறைநாயகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"அந்த எண்பத்து மூன்று பேர்?"

"அவர்கள் நமக்கு யார், மைமூனா?"

இத்தனை அழகான குரலில் இத்தனை அசிங்கமான கேள்வியை அவள் அதுவரை கேட்டதில்லை. அவனை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். நேசித்த முகம்தான், ஒன்றும் மாறியிருக்கவில்லை. அழுகை வந்தது. அழுதாள். அழுது முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலைத்துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இஜாஸாச் சுருளை இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தாள்.

சபை மீண்டும் கூடியபோது அவள் திரைக்குப் பின்னால் உட்காரவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, தீவட்டி வெளிச்சத்தில், ஓலைநாயகம் காரிமாறனாரின் முன்னால் போய் நின்றாள்.

மூன்று செய்திகள் சொன்னாள். முதலாவது, கேட்டோர் ஏட்டில் தன் பெயருக்கு எதிரே இருக்கும் "முழுவதும்" என்ற சொல் பொய். அந்தப் பொய் தன்னுடையது. இந்த மொழி ஓதப்பட்டபோது தான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். இரண்டாவது, தந்தை ஹுர்முஸை அடைந்தபோது அபுல் வலீது உயிரோடு இல்லை என்பதைத் தந்தையின் வாயாலேயே கேட்டிருக்கிறாள். மூன்றாவதை மாணவர் வரிசையின் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"என் வாப்பாவிடம் ரமலானுக்கு முன் கேட்டவர்கள், கேட்டதை உறுதியாகப் பற்றிக்கொள்ளுங்கள். ரமலான் முதல் பிறைக்குப் பின் கேட்டவர்கள், அதை விட்டுவிடுங்கள். அவருடைய நினைவு கலங்கிவிட்டது."

மாணவர் வரிசையில் கூக்குரல் எழுந்தது. ரமலானுக்குப் பின் இஜாஸா பெற்றவர்கள் பலர் இருந்தார்கள். பெற்ற தகப்பனைச் சந்தியில் நிறுத்துகிறாள், இவளைப் படிக்கவைத்த பலன் இது என்றெல்லாம் பேசினார்கள். படிக்காத பெண்ணென்றால் வாய்மூடி இருந்திருப்பாள் என்பது அவர்கள் கணக்கு.

துறைநாயகம் கையை உயர்த்தினார். "உன் பத்திரம், பெண்ணே? முஹர்ரம் இருபது?"

மைமூனா சுருளை அவர் காலடியில் வைத்தாள். "இதுவும்தான்."

சுஜாவுத்தீன் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஓலைநாயகரே, இவள் பொய்ப் பதிவு செய்ததாகத் தானே ஒப்புக்கொண்டாள். பொய்யுரைத்தவள் பிறர்மீது குறை கூறினால் எங்கள் மார்க்கத்தில் அதை ஏற்பதில்லை. ஐயமிருந்தால் காழியிடமே கேளுங்கள்," என்று சொல்லிவிட்டுப் பெரியவர் பக்கம் குனிந்தார். "ஹஜ்ரத், ஓர் அறிவிப்பாளரைக் குறித்து ஒருத்தி குறை சொல்கிறாள். அவளோ ஒருமுறை ஏட்டில் தவறாகப் பதிந்தவள். அவள் சொல்லை எடுக்கலாமா?"

வாசகர்களே! முஹிப்புல்லா லெப்பை தலை நிமிர்ந்தார். இத்தனை நேரம் மகளின் சொற்கள் அவர் செவியில் விழுந்தனவோ இல்லையோ தெரியாது. ஆனால் இது சட்டக் கேள்வி. நாற்பதாண்டுப் பழக்கம் அந்தத் தளர்ந்த முதுகை நிமிர்த்தி உட்காரவைத்தது.

"பிடிபட்டு ஒப்புக்கொண்டாளா, தானாகவா?" என்று வினவினார்.

 "தானாகத்தான், பெரியீர்," என்றார் காரிமாறனார்.

"சரி. குறை சொல்வதில் அவளுக்கு என்ன ஆதாயம்?"

 கடலலை ஒருமுறை கரையேறித் திரும்பியது.

"ஆதாயம் ஒன்றுமில்லை, வாப்பா," என்றாள் மைமூனா. "இருந்தது போகிறது."

"அப்படியானால் எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார் காழி. "தன் இழப்பைத் தானே சொல்கிறவளுக்குப் பொய் சொல்ல ஏது காரணம்? அவள் சொல் செல்லும்." பிறகு, ஏதோ நினைவு வந்தவராகக் கேட்டார்: "யாரைப் பற்றிச் சொல்கிறாள்? வயதானவரா?"

அறுபது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"பாவம். அவர் வீட்டாரிடம் சொல்லுங்கள், அவரை உள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். கேட்க வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்பட்டும். கடைசிக் காலத்தில் அவர் வாயால் ஒரு பொய் வெளியே போய்விடக் கூடாது. அவருக்குச் செய்கிற மரியாதை அதுதான்."

துறைநாயகம் சீறி எழுந்தார். "இது எப்படித் தீர்ப்பாகும்? அவர்தாம் சித்தம் கலங்கி இருக்கிறாரே, யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதுகூட அவருக்கு..."

சொல்லி முடிக்குமுன் நாக்கைக் கடித்துக்கொண்டார். காரிமாறனாரின் எழுத்தாணி அதற்குள் ஓலையில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"நன்று," என்றார் அவர், ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "காழி சித்தம் கலங்கியவர் என்று துறைநாயகமே சபையில் மொழிந்தார். ஆகவே காழியின் தீர்ப்பு என்று ஒன்று இல்லை. ஆகவே மன்னரின் அபயம் நிற்கிறது. கட்டை அவிழ்க்கச் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?"

மணலில் கயிறுகள் அறுபடும் ஓசை கேட்டது. விடுதலை பெற்றவர்கள் ஆரவாரம் செய்யவில்லை. ஒன்றரை மாதம் கட்டுண்ட கைகள் உடனே உயர்வதில்லை.

மைமூனா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தந்தையின் முன்னால் போய் நின்று, சபை கேட்கும்படி சொன்னாள்:

"கஅபாவின் இறைவன்மேல் ஆணை. காழி சொன்ன தீர்ப்பை நான் ஏற்கிறேன். இன்று முதல் என் வாப்பாவின் வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். ஓதக் கேட்க வருகிற எவரும் அந்தப் படியைத் தாண்டமாட்டார். அவர் சொல்வார், நான் ஒருத்தி கேட்பேன். கேட்டதில் ஒரு சொல்லும் என் வாயால் வெளியே வராது."

வாழ்நாளெல்லாம் கேட்பவர்களுக்காகவே வாழ்ந்த மனிதரை, கேட்பவர் அற்ற வீட்டில் வைத்துப் பூட்டும் சத்தியம் அது. கற்பிப்பதற்காகவே கற்ற பெண், தன்னையும் அவரோடு சேர்த்து வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

அவள் கை நீட்டியபோது பெரியவர் இம்முறை மறுக்கவில்லை. கோபம் மறந்து போயிருந்தது. அதுவும் அந்த நோய் செய்த ஓர் உபகாரம். அவரைத் தாங்கிக்கொண்டு கூடார வாசலை நோக்கி நடந்தாள். ஹம்ஸா குறுக்கே வந்தான். நிக்காஹ் என்றான், மன்னிப்பு என்றான், காத்திருப்பேன் என்றான். காத்திருக்க வேண்டாம், மச்சான் என்று மட்டும் சொல்லிவிட்டு அவனைச் சுற்றிக்கொண்டு போனாள்.

வாசலருகே முஹிப்புல்லா நின்றார். நிலவில் நனைந்த நதியையும், முன்னால் திரண்டிருந்த மாணவர் முகங்களையும் கண்டதும் அவர் கண்கள் ஒளிர்ந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு அறிவித்தார்..." என்று சங்கிலியின் முதல் சொல்லைக் கணீரென்று தொடங்கினார். நெடுநாள் பழக்கத்தால் பத்துப் பதினைந்து கைகள் தம்மையறியாமல் எழுதுகோலைத் தேடின.

"யாரும் எழுதாதீர்கள்," என்றாள் மைமூனா.

அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் அவருடைய முழங்கையைப் பற்றிக்கொண்டு, மணலில் இறங்கி, வீட்டுப் பக்கமாக நடந்தாள்.